அழைப்பும் விடையும்: என்றிக் அடிகளாரின் வாழ்வு

தமிழ் அச்சு வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் 1578ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் கடப்பதில்லை. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூலே, தமிழெழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது. அதனைத் தந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளாரின் பெயரையும் நாம் மாணவர்க்குச் சொல்லுகிறோம். ஆயினும், போர்த்துகல்லில் பிறந்த ஒருவரை இப்பணிக்குக் கொணர்ந்தது எது என்று நாம் கேட்பது அரிது. கிறித்தவர் அதனை ‘இறையழைத்தல்’ என்பர். ஒருவர் உள்ளத்துள் கேட்ட குரலை வரலாற்றாய்வு அளந்தறிய இயலாது. அக்குரலுக்கு அவர் அளித்த விடையை மட்டுமே நாம் காண இயலும்.

அடிகளார் 1520இல் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்தார். ஆனால், அவர்தம் முன்னோர் யூதர் என்பது தெரியவந்ததும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. குருதித் தூய்மை பேசப்பட்ட காலம் அது. அழைப்பை உணர்ந்தவரின் தகுதியைப் பிறப்பைக் கொண்டு பிறர் முடிவு செய்தனர். கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற அவர், 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அச்சபையை நிறுவிய இக்னேசியுஸ் லயோலா பிறப்பைக் காட்டி எவரையும் விலக்க விரும்பாதவர். எனினும், முன்பு வேறொரு சபையில் இருந்தவர் என்னும் தடை எஞ்சியிருந்தமையால், இறுதி வார்த்தைப்பாடு பல ஆண்டுகள் தாமதமாயிற்று. அதற்காகக் காத்திராமல் அவர் 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவர் அடைந்த முத்துக்குளித்துறையில் பரதவர் பெருந்திரளாக 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துகீசியரின் துணையை நாடியதும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அவர்களிடையே 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து ஓதுவித்தார். மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் சிலையாக நிற்பவர் அவரே. 1545இல் அவர் மலாக்காவுக்குப் புறப்பட்டுச் சென்றார். மனப்பாடம் செய்த செபம் தொடக்கத்திற்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால், மக்களின் துயரைக் கேட்க அது போதாது. பாவ அறிக்கையைக்கூட மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்கும் குருவிடம் யார்தாம் மனம் திறப்பர்?

இவ்விடத்தில்தான் அடிகளாரின் விடை தெளிவாகத் தெரிகிறது. அவர் தமிழை முனைந்து கற்றார். மொழிபெயர்ப்பாளரின் துணையின்றிப் பேசத் தொடங்கினார். போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூல் 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டபின், கடற்கரைப் பணியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ‘தம்பிரான் வணக்க’த்தை அடுத்து 1579இல் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவ அறிக்கைக்கான கையேடு, 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் ஆகியன அச்சாயின. அச்சுப்பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். முதல் நூலின் முகப்பிலோ மானுவல் தெ சான் பெத்ரு என்னும் மற்றொரு குருவின் பெயரும் உடனுழைத்தவராக இடம்பெற்றுள்ளது. ஆகவே, ஒருவர் கேட்ட அழைப்புக்குப் பலர் சேர்ந்தே விடையளித்தனர் எனலாம்.

ஆயினும், பிறப்பைக் கேட்கும் வழக்கம் மறையவில்லை. கொல்லத்தைச் சேர்ந்த பேரோ லூயிஸ் என்பார் 1561இல் இயேசு சபையில் சேர்க்கப்பட்டார். அச்சபையின் முதல் இந்திய உறுப்பினர் அவரே. அவருக்குப்பின் நெடுங்காலம் அக்கதவு இந்தியர்க்குத் திறக்கவில்லை. 1593இல் அதே சபையின் பொதுப்பேரவை, யூத மரபினரை இனிச் சேர்ப்பதில்லை என்று விதித்தது. அடிகளார் அப்போது உயிரோடிருந்தார். வயது எழுபதைக் கடந்திருந்தது. அவர் இளைஞராக அன்று வந்திருப்பின், தாம் வாழ்நாள் முழுதும் உழைத்த சபைக்குள் நுழைந்திருக்கவே முடியாது. அத்தடை முற்றிலும் நீங்கியது 1946இல்தான்.

1600இல் அடிகளார் மறைந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அக்கரை மக்களோடு வாழ்ந்தார், தாயகம் திரும்பவில்லை. அழைப்பு என்பது ஒருநாள் தோன்றும் உணர்ச்சி மட்டுமன்று, பிறர் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்கும் பொறுமையும் அதனுள் அடங்கும் என்பதை இவ்வாழ்வு நமக்குக் காட்டுகிறது. இனி வகுப்பறையில் 1578 என்று எழுதும்போது, அதனருகே 1593 என்றும் எழுதுவோம். ஒருவரின் அழைப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது, பிறப்பைக் கொண்டா, உழைப்பைக் கொண்டா என்னும் வினாவை மாணவர் முன் வைப்போம். விடையை அவர்களே ஆராய்ந்து கூறட்டும்.