அமெரிக்க விடுதலைப் போர்

அமெரிக்க விடுதலைப் போர் என்பது, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 13 குடியேற்றங்கள் 1775 முதல் 1783 வரை அந்நாட்டை எதிர்த்துப் போரிட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்னும் தனி நாடாகத் தம்மை நிலைநாட்டிக் கொண்ட நிகழ்வாகும். குடியேற்றங்களின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் வென்ற சமர்களைவிடத் தோற்ற சமர்களே மிகுதி எனினும், படை கலைந்துபோகாமல் காத்ததும், பிரான்சின் துணையைப் பெற்றதும், போரைத் தொடர்வது பிரிட்டனுக்குக் கட்டுப்படியாகாத நிலையை உண்டாக்கியதும் இவ்வெற்றிக்கு அடிப்படையாயின.

பின்னணி

ஏழாண்டுப் போர் 1763இல் முடிவுற்றபோது பிரான்சிடமிருந்து கனடாவைப் பெற்ற பிரிட்டன், அப்போரினால் பெருங்கடனையும் சுமந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கான செலவின் ஒரு பகுதியைக் குடியேற்றங்களிடமிருந்தே ஈட்ட எண்ணிய நாடாளுமன்றம், சர்க்கரைச் சட்டத்தை 1764இலும், வழக்குப் பத்திரங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டுகள் ஆகியவற்றின் மீது வரி விதித்த முத்திரைச் சட்டத்தை 1765இலும் இயற்றியது. தங்கள் உறுப்பினர் ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி விதிக்க இயலாது என்று வாதிட்ட குடியேற்ற மக்கள் ஆங்கிலேயச் சரக்குகளைப் புறக்கணிக்கவே, முத்திரைச் சட்டம் 1766இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டில் கண்ணாடி, காகிதம், வண்ணச்சாயம், ஈயம், தேயிலை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட சுங்கமும் எதிர்ப்பின் காரணமாக 1770இல் நீக்கப்பட்டது. எனினும், வரி விதிக்கும் உரிமையின் அடையாளமாகத் தேயிலை வரி மட்டும் விட்டுவைக்கப்பட்டது.

விற்காமல் தேங்கிய தேயிலையால் நெருக்கடியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, அதை அமெரிக்காவில் நேரடியாக மலிவு விலைக்கு விற்க 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் வழிசெய்தது. மலிவான தேயிலையை வாங்கினாலும் வரியை ஏற்றதாகவே ஆகும் என்று கருதிய பாஸ்டன் நகரத்தார், அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு மோகாக் பழங்குடியினர் போல வேடமிட்டு மூன்று கப்பல்களில் ஏறி, 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துத் துறைமுக நீரில் கொட்டினர். இந்நிகழ்வு பின்னாளில் பாஸ்டன் தேநீர் விருந்து என அழைக்கப்பட்டது. பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சி உரிமைகளையும் குறைத்ததால், ஜார்ஜியா நீங்கலான 12 குடியேற்றங்களின் பேராளர்கள் 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் முதல் கண்ட மாநாடாகக் கூடினர். இம்மாநாடு அறிவித்த இறக்குமதித் தடையை நடைமுறைப்படுத்த ஊர்தோறும் அமைந்த குழுக்கள், போர் தொடங்குமுன்பே ஆட்சிப் பொறுப்பைக் கையில் எடுக்கத் தொடங்கிவிட்டன.

போரின் தொடக்கமும் விடுதலைப் பிரகடனமும்

கான்கார்டு ஊரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கைப்பற்றச் சென்ற பிரிட்டிஷ் படை, 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் குடிப்படையினருடன் மோதியதிலிருந்து போர் தொடங்குகிறது. குடிப்படை என்பது, அழைப்பு வந்ததும் தம் துப்பாக்கியுடன் திரளும் உழவர், கைவினைஞர் போன்ற ஊர்மக்களின் அணியாகும். இவ்வணிகளுக்கு மேலாக, எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொதுவான கண்டப் படையை இரண்டாம் கண்ட மாநாடு ஜூன் மாதத்தில் அமைத்து, வாஷிங்டனை அதன் தலைவராக்கியது. டிகாண்டெரோகா கோட்டையில் கிடைத்த பீரங்கிகளை கண்டப் படையின் ஹென்றி நாக்ஸ் கடும் பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில், ஆங்கிலேயர் பிடியில் இருந்த பாஸ்டன் அருகே கொண்டு சேர்த்தார். அவை நகரைப் பார்த்த டார்செஸ்டர் குன்றுகளில் ஏற்றப்பட்டதும் ஆங்கிலேயர் 1776 மார்ச் 17இல் பாஸ்டனை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட 'பொது அறிவு' என்னும் சிறுநூல் முடியாட்சியையே மறுத்து எழுதி, பிரிவினைக் கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. தாமஸ் ஜெபர்சன் முதன்மையாக வரைந்த விடுதலைப் பிரகடனத்தை மாநாடு ஜூலை 4 அன்று ஏற்றது.

தோல்விகளும் சாரடோகாவும்

அதே கோடையில் 30,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் வந்த பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் கைப்பற்றியது. இவர்களுள் ஜெர்மானிய அரசர்களிடமிருந்து கூலிக்குப் பெறப்பட்ட, ஹெசியர் எனப்பட்ட வீரர்களும் இருந்தனர். ஆண்டிறுதியில் பணிக்காலம் முடிந்து வீரர்கள் கலையவிருந்த நிலையில், டிசம்பர் 25 இரவு பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்த வாஷிங்டன், மறுநாள் காலை டிரென்டனில் ஏறத்தாழ 900 ஹெசியரைச் சிறைப்பிடித்துப் படையின் ஊக்கத்தை மீட்டார். பகைவரின் குண்டுகளைவிட மிகுதியான உயிர்களை நோய் பறித்ததால், 1777இல் வீரர்களுக்கு அம்மை குத்தவும் அவர் ஆணையிட்டார்.

கனடாவிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிய பிரிட்டிஷ் தளபதி பர்காயின், உதவிப் படை வந்து சேராத நிலையில், 1777 அக்டோபர் 17இல் சாரடோகாவில் சரணடைந்தார். அதுவரை மறைமுகமாக வெடிமருந்து கொடுத்து வந்த பிரான்சு, இவ்வெற்றியால் நம்பிக்கை கொண்டு 1778 பிப்ரவரியில் வெளிப்படையாகவே கூட்டணி உடன்படிக்கை செய்தது. அக்குளிர்காலத்தில் வேலி போர்ஜ் பாசறையில் பசியும் நோயும் வாட்டிய கண்டப் படைக்குப் பிரஷ்யரான வான் ஸ்டூபன் முறையான பயிற்சி அளித்தார். ஸ்பெயின் 1779இலும் நெதர்லாந்து 1780இலும் பிரிட்டனுடன் போரில் இறங்கின.

யார்க்டவுன் முற்றுகை

தெற்கே திரும்பிய ஆங்கிலேயர் 1780 மே மாதம் சார்ல்ஸ்டனைக் கைப்பற்றியபோதும், அமெரிக்கத் தளபதி நத்தானியல் கிரீன் தோற்றும் அழியாமல் பின்வாங்கி அவர்களை அலைக்கழித்துத் தளரச் செய்தார். அங்கிருந்து வர்ஜீனியாவுக்கு நகர்ந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், கடல்வழி உதவியை எதிர்பார்த்து யார்க்டவுனில் அரண் அமைத்தார். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் டி கிராஸ் 1781 செப்டம்பர் 5இல் செசபீக் விரிகுடா முகப்பில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்து நிறுத்த, வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் நிலவழியை அடைத்தனர். அக்டோபர் 14 இரவு இரண்டு காவல் அரண்கள் வீழ்ந்தன; 16ஆம் நாள் இரவில் ஆற்றைக் கடந்து தப்பும் முயற்சியும் புயலால் கைகூடவில்லை. அக்டோபர் 19இல் 7,000க்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். உடல்நலம் இல்லை என்று கூறிக் கார்ன்வாலிஸ் வராமையால், அவருடைய துணைத் தளபதி வந்தார். அவரது சரணை ஏற்கும் பொறுப்பை, முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டனில் ஆங்கிலேயரிடம் சரணடைய நேர்ந்த பெஞ்சமின் லிங்கனிடமே வாஷிங்டன் விட்டார்.

சோழமண்டலக் கரையில் போர்

பிரான்சு போரில் இறங்கியதால் போர் இந்தியாவுக்கும் பரவியது; 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மாகியையும் அவர்கள் கைப்பற்றியது, அத்துறை வழியே படைக்கலம் பெற்று வந்த மைசூரின் ஐதர் அலிக்குச் சினமூட்டி, இரண்டாம் மைசூர்ப் போருக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலியின் பெயரைச் சூட்டியது. பிரெஞ்சுத் தளபதி சப்ரன் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகியவற்றை அடுத்த கடல்களில் 1782இல் ஆங்கிலேயருடன் பொருதினார். 1783 ஜூனில் கடலூரை அடுத்து நடந்த சமருக்குப் பின்னரே, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி இங்கு எட்டியது.

உடன்படிக்கையும் விளைவுகளும்

1783 செப்டம்பர் 3இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் அமெரிக்காவின் விடுதலையை ஏற்று, மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்தது. அந்நிலத்தில் வாழ்ந்த தொல்குடி மக்கள் அப்பேச்சில் சேர்க்கப்படவில்லை. அரசப் பற்றாளர்களாக இருந்த பல்லாயிரவர் கனடாவுக்கும் பிற இடங்களுக்கும் குடிபெயர்ந்தனர். ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தால் விடுதலை என்ற உறுதிமொழியை நம்பித் தப்பிவந்த அடிமைகளுள் ஒரு பகுதியினர் அவர்களுடன் வெளியேற, எஞ்சிய பெரும்பான்மையினருக்கு அடிமைமுறை தொடர்ந்தது.

பிறர் விதித்த வரியை எதிர்த்து எழுந்த புதிய ஆட்சிக்குத் தானே வரி விதிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அதனால் போர்க்காலத்தில் அச்சிட்ட தாள்பணம் மதிப்பிழந்ததோடு, வீரர்களுக்கான ஊதியமும் நிலுவையில் நின்றது. இக்குறையைக் களையும் தேவையே 1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியதற்கும், மக்கள் தேர்ந்தெடுத்த அவையை உள்ளடக்கிய காங்கிரசுக்கு அவ்வரசமைப்பு வரி விதிக்கும் அதிகாரம் வழங்கியதற்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று.