கட்டியங்காரன் அரியணை ஏறினால்

விகடம் பண்ணுகிறவர் ஓட்டுக் கேட்டு வந்தால் அவரைப் பொருட்படுத்த வேண்டுமா, சிரித்துவிட்டு அனுப்ப வேண்டுமா? நம் அன்பர்கள் கூடும் இடங்களில் தேர்தல் காலம் தோறும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. 2021 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில், வங்காளத் திரையின் நகைச்சுவை நடிகர் காஞ்சன் மல்லிக் உத்தரபாராவில் திரிணமூல் காங்கிரஸ் சார்பில் நின்று வென்றபோதும் வந்தது. "கூத்தாடிக்கெல்லாம் எதுக்குங்க சீட்டு?" என்பார் ஒருவர். "மத்தவங்க மட்டும் என்ன கிழிச்சாங்க?" என்பார் இன்னொருவர். இரண்டும் கோபத்தில் வருகிற பேச்சு. அடியேன் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். நியூ டவுனில் கடையைச் சாத்திய பிறகு படித்ததைக் கொண்டு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்கிறேன்.

இரண்டு கட்டியங்காரர்கள்

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. வடஆர்க்காட்டுப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜா வருவதற்கு முன்பே அவன் வந்துவிடுவான். ராஜாவுக்குக் கட்டியம் கூறுவதும் அவன்தான், வந்த ராஜாவை "நீ யாரய்யா, எந்த ஊர்?" என்று விசாரித்து நையாண்டி செய்வதும் அவன்தான். துரியோதனனையும் விடமாட்டான், உள்ளூர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். யாரும் அவன்மேல் கோபப்படுவதில்லை. காரணம், அவனுக்கு அரியணையில் ஆசை கிடையாது என்பது சபைக்குத் தெரியும். தெனாலிராமனுக்கும், நதியா அரசர் கிருஷ்ணசந்திரர் அவையில் வைத்து வங்கத்துப் பிள்ளைகள் கேட்டு வளரும் கோபால் பாருக்கும் இருந்த பாதுகாப்பு அதுவே.

எங்கள் சமணப் பெருங்காப்பியமான சீவக சிந்தாமணியில் இன்னொரு கட்டியங்காரன் வருகிறான். இவன் ஏமாங்கத நாட்டு அமைச்சன். வடமொழி நூல்கள் இவனைக் காஷ்டாங்காரன் என்கின்றன. ஆகவே கூத்துக் கோமாளிக்கும் இவனுக்கும் உள்ளது பெயரளவு ஒற்றுமைதான். ஆனாலும் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. அரசன் சச்சந்தன், தேவி விசயையை விட்டுப் பிரிய மனமில்லாமல் ஆட்சியை அமைச்சனிடம் ஒப்படைக்கிறான். வாங்கியவன் திருப்பித் தரவில்லை, அரசனையே கொன்றான். கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் தப்பினாள். சுடுகாட்டில் பிறந்த சீவகனை எடுத்து வளர்த்தவன் கந்துக்கடன் என்ற வணிகன்.

குற்றம் கட்டியங்காரனுடையது மட்டுமா? ஆளும் வேலையில் சலித்துப்போய் நாட்டைக் கைமாற்றிக் கொடுத்த சச்சந்தனுக்கும் அதில் பங்கு உண்டல்லவா? இன்றைக்கு ஓட்டுரிமை உள்ள நாம் எல்லோருமே சச்சந்தன் இடத்தில்தான் இருக்கிறோம்.

மேடையில் வந்த எச்சரிக்கை

இந்தப் பாடத்தை நம் காலத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் சோ ராமசாமி. அவருடைய 'முகமது பின் துக்ளக்' 1968-இல் நாடகமாகவும் 1971-இல் திரைப்படமாகவும் வந்தது. பழைய சுல்தானும் இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாக இருவர் வேஷம் கட்டுகிறார்கள். அரசியல்வாதிகளை அம்பலப்படுத்துவதுதான் அவர்கள் நோக்கம். வேஷதாரி தேர்தலில் ஜெயித்துப் பிரதமரே ஆகிவிடுகிறார். பாரசீகம் ஆட்சிமொழி என்கிறார். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறார். ஆனால் பதவி ருசி கண்டபின் அவர் இறங்க மறுக்கிறார். உண்மையைச் சொல்லப் போன கூட்டாளியை ஜனங்கள் நம்பவில்லை. கேலி செய்ய வந்தவனே கேலிக்குரியவன் ஆகிவிட்டான். அவனைக் கேலி செய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

சோ தேர்தலில் நிற்கவில்லை. 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1970-இல் தொடங்கிய 'துக்ளக்' பத்திரிகையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

கணக்குப் புத்தகம்

நின்றவர்கள் கதை பலவிதம். எஸ்.வி.சேகர் 2006-இல் மயிலாப்பூரில் வென்றார். கருணாஸ் 2016-இல் திருவாடானையில் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். மயில்சாமி 2021-இல் விருகம்பாக்கத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார். கேரளத்து இன்னசென்ட் 2014-இல் சாலக்குடியில் வென்று, 2019-இல் அதே தொகுதியில் தோற்றார். 2011-இல் வடிவேலு, தாம் நிற்காமல், தி.மு.க.வுக்காக விஜயகாந்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆனால் தே.மு.தி.க. 29 இடம் பெற்று எதிர்க்கட்சி ஆனது, தி.மு.க.வுக்கு 23 தான். சிரிப்பு வேறு, ஓட்டு வேறு என்பதை நம் ஜனங்கள் அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

பஞ்சாபில் பகவந்த் மான் 2012-இல் தோற்று, 2014-இலும் 2019-இலும் சங்க்ரூர் எம்.பி. ஆகி, 2022-இல் முதலமைச்சரானார். பிரேசிலில் திரிரிக்கா என்ற சர்க்கஸ் கோமாளி, நிலைமை இதைவிடக் கெட முடியாது என்று சொல்லியே 2010-இல் 13 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கினார். அது சலித்துப்போன சச்சந்தர்களின் ஓட்டு என்பேன். உக்ரைனில் தொலைக்காட்சித் தொடரில் ஜனாதிபதியாக நடித்த ஜெலன்ஸ்கி, 2019-இல் சுமார் 73 சதவீத ஓட்டுடன் நிஜ ஜனாதிபதியானார். 2022-இல் ரஷ்யப் படை நுழைந்தபோது அவர் தலைநகரை விட்டு ஓடவில்லை. கோமாளி என்று இகழ்ந்தவர்கள் அன்று வாயடைத்தார்கள்.

ஆக, தொழிலை வைத்து ஆளை ஒதுக்குவது தப்புங்க. அதே மாதிரி, சிரிக்க வைத்தாரே என்பதற்காக ஓட்டுப் போடுவதும் தப்பு. பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்தால் ஓசை நன்றாகத்தான் வரும். நாம் காசு கொடுப்பது எடைக்கு. தொகுதிக் காரியம் தெரியுமா, அதற்குமுன் ஊருக்கு என்ன செய்தார் என்று வக்கீலையும் வியாபாரியையும் கேட்பது போலவே இவரையும் கேட்க வேண்டும்.

விகடம் பண்ணுகிறவரிடம் அதிகப்படியாக ஒன்றையும் பார்க்க வேண்டும். பதவிக்கு வந்தபின், தம்மைக் கேலி செய்கிறவனை அவர் பொறுத்துக்கொள்கிறாரா? பொறுத்துக்கொண்டால் அவர் இன்னும் கூத்துக் கட்டியங்காரன்தான், பயமில்லை. அடித்து விரட்டினால் அவர் சிந்தாமணிக் கட்டியங்காரன் ஆகிவிட்டார் என்று பொருள். அரியணையில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும். அதன் எதிரே நின்று "நீ யாரய்யா?" என்று கேட்க ஒருவன் எப்போதும் வேண்டும். அந்த இடம் காலியாகாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுப் போடுகிற நம் எல்லோருடைய கடமை.