வழிகாட்டியா, வாயிற்காவலனா?

"இவன் படித்து என்ன ஆகப்போகிறான்?" ஏழை வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எழுப்பப்படும் இக்கேள்விக்கு விடை கூறும் உரிமை யாருக்கு? பிறப்புக்கா? பணப்பைக்கா? அந்தப் பிள்ளைக்கே என்றார் பிராங்க் பார்சன்ஸ்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே, பிழைப்புத் தேடிக் குடியேறிய மக்கள் நெருங்கி வாழ்ந்த வட்டாரத்திலே, 1908 சனவரியில் தொழில் வழிகாட்டு நிலையம் கண்டார் அவர். உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் சீர்தூக்கி நீயே முடிவு செய் என்பதே அவர் காட்டிய நெறி. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அந்நெறி கூறும் நூல் 1909-இல் வெளிவந்தது. மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஜெசி டேவிஸ், 1907-லேயே கட்டுரைப் பாடவேளையில் எதிர்காலத் தொழிலைப்பற்றி மாணவரைச் சிந்திக்க வைத்தார்.

வித்து நன்று, விளைந்ததோ வேறு! முதல் உலகப்போரில், 1917-இல், படைவீரரைத் தரம்பிரிக்க வந்த நுண்ணறிவுச் சோதனை, போர் முடிந்ததும் பள்ளிக்குள் புகுந்தது. 1957-இல் சோவியத்து நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் சுழன்றது. திடுக்கிட்ட அமெரிக்கா, 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, சோதனைகளுக்கும் ஆலோசகர் பயிற்சிக்கும் பொருளை வழங்கியது. ஆலோசகர் தொகை பெருகிற்று. ஆனால் முதன்மையாகத் தேடப்பட்டது பிள்ளையின் விருப்பமன்று. நாட்டுக்கு வேண்டிய விஞ்ஞானியும் பொறியாளரும்!

சலித்தெடுக்கும் சல்லடை நடுநிலையானதுதானா? சிக்கூரெல், கிட்சூஸ் எனும் சமூகவியலார் இருவர், உயர்நிலைப் பள்ளியொன்றை ஆராய்ந்து 1963-இல் நூல் வெளியிட்டனர். கல்லூரிக்குச் செல்லத் தக்கவர் யார் என்ற முடிவில், மதிப்பெண் மட்டும் பேசவில்லை. குடும்பத்தின் வகுப்பு நிலையும், ஆலோசகரின் மனக்கணிப்பும் சேர்ந்தே பேசின என்று காட்டினர். பழைய மேடு பள்ளமே அறிவியல் ஆடை பூண்டு வந்தது!

சட்டம் திருத்த முனைந்தது. கல்வியில் ஆண் பெண் வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1972-இல் வந்தது. அதன்கீழ் 1975-இல் எழுந்த விதிகள், ஆலோசனையிலும் அதற்கான சோதனைகளிலும் அவ்வேற்றுமை கூடாதென்றன. 2003-இல் அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் வகுத்த திட்டம், படிப்பு, தொழில், தனிமனித-சமூக வளர்ச்சி மூன்றிலும் எல்லா மாணவருக்கும் துணை நிற்பதே ஆலோசகர் கடன் என்றது. ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அச்சங்கத்தின் அளவுகோல். 2022–23 கல்வியாண்டில் நாட்டின் சராசரியோ 385! இத்தனை முகங்களை ஒருவர் எவ்வாறு அறிவார்? முகம் மறையும்; மதிப்பெண்ணே எஞ்சும்.

தம்பி! ஒரு தாளைக் காட்டி "உன்னால் ஆகாது" என்று எவரேனும் உரைத்தால், அஞ்சித் திரும்பாதே. அந்தத் தாள் அளந்தது உன் அறிவையா, உன் வீட்டின் வறுமையையா என்று கேள்! வழிகாட்ட நீளும் கை, கதவைச் சாத்தும் கையாகிவிடாமல் காப்பது அந்தக் கேள்விதான்.