சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் (1854–1855)

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், நிலவரி தண்டுவதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் அரசின் கீழ்நிலை ஊழியர்கள் குடிமக்களின் உடலை வருத்தி வந்தனர் என்ற குற்றச்சாட்டை ஆராய, சென்னை அரசு அமைத்த மூவர் குழு இது. பழைய தமிழ் வழக்கில் சித்திரவதை என்ற சொல் ஒருவரைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கொல்வதைக் குறித்தது. ஆணையத்தின் முன் வந்தவையோ பெரும்பாலும் கொல்லாமல், கூடியவரை தழும்பும் விடாமல், பணத்தையோ வாக்குமூலத்தையோ கறந்துகொள்ளும் முறைகளாக இருந்தன.

இவை வேரூன்றியதற்கு நிர்வாக அமைப்பே இடங்கொடுத்தது. இடையில் ஜமீன்தார் இன்றி ஒவ்வொரு உழவரிடமிருந்தும் அரசு நேரே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் காவல் பொறுப்பையும் வருவாய்த் துறையிடமே ஒப்படைத்தமையால், கிஸ்தி எனப்பட்ட தவணைத் தொகையைத் தண்டும் தாசில்தாரே திருட்டு வழக்கில் ஆளைப் பிடித்து விசாரிப்பவராகவும் ஆனார். மாவட்ட அளவில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அடித்தவர் மீதான புகாரை அடித்தவரின் மேலதிகாரியிடமே கொடுக்க வேண்டிய நிலையில், கச்சேரிக்கு நடந்து போகும் தொலைவும் அங்கே காத்துக்கிடக்கும் நாட்களின் கூலி இழப்பும் பாக்கித் தொகையைவிடப் பெரிதாகிவிடும் என்பதால் பலர் வாய் திறக்கவே இல்லை.

1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்த வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி இக்கொடுமைகளைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர். 1853இல் சென்னைக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி செமோரை அவர் மாவட்டங்களுக்கு உடனழைத்துச் சென்று குடிகளின் நிலையைக் காட்டினார். 1854 ஜூலையில் இச்செய்தி காமன்ஸ் அவையில் எதிரொலித்தது. கம்பெனித் தரப்பினர் முதலில் மறுத்தாலும், அதே ஆண்டில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் அரசு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரையும் ஆணையராக நியமித்தது. எலியட் சென்னை நகரின் தலைமைப் போலீஸ் மாஜிஸ்திரேட். நார்ட்டன் மாகாண நீதி நிர்வாகத்தின் சீர்கேட்டை 1853லேயே அச்சில் சாடிய வழக்கறிஞர்.

ஆணையத்துக்கு நேரிலும் கடிதங்கள் வாயிலாகவும் 1,959 புகார்கள் வந்தன. 1855 ஏப்ரலில் அளிக்கப்பட்ட அறிக்கை, வதைமுறைகளை உள்ளூர்ப் பெயர்களாலேயே பதிவுசெய்கிறது. அவற்றுள் மிகப் பரவலானவை இரண்டு. ஒரு முனையில் பிணைத்த இரு மரத்துண்டுகளுக்கிடையே கையையோ தொடையையோ காதையோ வைத்து, மயக்கம் வரும்வரை நெரிப்பது கிட்டி எனப்பட்டது. பல இடங்களில் இதற்குப் பதிலாகக் கைகளைப் பலகையின் கீழ் வைத்து அதன்மேல் சேவகர்கள் ஏறி நிற்பதும், விரல்களைக் கோக்கச் சொல்லி, பிடி வழுக்காதிருக்கத் தம் உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொண்டு அவர்கள் நசுக்குவதும் உண்டு. மற்றொன்று அண்ணாந்தாள். இதில் ஒருவரைக் குனிய வைத்து, அவர் உடுத்திய துணியையோ வைக்கோற்கயிற்றையோ கழுத்தைச் சுற்றிக் கால்விரல்களுக்கு அடியில் கொடுத்து இறுக்கிக் கட்டுவார்கள். அந்த நிலையிலேயே வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தி, சில வேளைகளில் முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். கருவி எதுவும் வேண்டாத இந்த முறை எந்த ஊர்ச் சாவடியிலும் கைகூடியது என்பதே அது பரவியதற்குக் காரணமாக இருக்க வேண்டும். இவற்றோடு, கண்ணில் மிளகாய்ப்பொடி இடுதல், தலைமயிரைக் கழுதையின் வாலில் கட்டுதல், கடிக்கும் பூச்சியைத் தொப்புளில் வைத்துச் சிரட்டையால் மூடுதல், உண்ணவும் உறங்கவும் விடாதிருத்தல் ஆகியனவும் பதிவாகியுள்ளன. வலியோடு மானக்கேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டவையே இவற்றுள் பல.

வதை நடந்தது உண்மை என ஆணையம் ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடந்தையாக இல்லை எனக் கூறி, பழியை உள்நாட்டு ஊழியர்மீதே சுமத்தியது. தண்டிய தொகையைக் கொண்டே ஊழியரின் திறமையை அளந்த அரசுக்கு இதில் பங்கில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் எழுதிய கட்டுரை இந்த முரணையே பிடித்துக்கொண்டது. கொள்ளிடம் பாலப் பணிக்கு மரப்பலகையும் கரியும் விறகும் இலவசமாகத் தர மறுத்ததால் வதைபட்ட பிராமணர் ஒருவரின் மனுவை ஐரோப்பியரான சப்-கலெக்டரே கிழித்தெறிந்தார் என்ற முறையீட்டை, நாடாளுமன்ற ஆவணங்களிலிருந்து எடுத்து அவர் அதில் காட்டுகிறார்.

அறிக்கையின் நேரடி விளைவாக, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித்துறையாக்கியது. இப்பிரிவினை வரி தண்டலில் வதையைக் குறைத்திருக்கலாம். வாக்குமூலத்துக்காக வருத்தும் வழக்கமோ புதிய துறையோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தது. போலீஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்ற விதி 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வாக்குமூலத்துக்காகவோ சொத்தை மீட்கவோ காயப்படுத்துவதை 330, 331ஆம் பிரிவுகளில் தனிக் குற்றமாக்கியது. முன்னதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, வரிபாக்கியைச் செலுத்த வைப்பதற்காக வருவாய் அதிகாரி ஒருவர் மற்றொருவரை வதைப்பதைக் கூறுகிறது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவிலும் அந்த எடுத்துக்காட்டு அவ்வாறே உள்ளது.