பிரெஞ்சுக் கற்பனாவாதம்: அரியணையிலிருந்து தாராளவாதத்துக்கு

ரொமாண்டிசிசம் எனப்படும் கற்பனாவாத இலக்கியம், பிரான்சில் முதலில் பிற்போக்கு அரசியலின் துணையாகவே வளர்ந்தது. 1789 புரட்சி மதத்தையும் மரபையும் சிதைத்ததாகக் கருதிய எழுத்தாளர் ஷாத்தோபிரியான், 1802இல் வெளியிட்ட நூலில், பகுத்தறிவு வாதங்களைவிடக் கிறித்தவத்தின் அழகையே முன்னிறுத்தினார். இளம் கவிஞர் விக்டர் ஹியூகோ, மன்னர் பத்தாம் சார்லஸின் 1825 முடிசூட்டு விழாவைப் போற்றிப் பாடினார். அன்றைய தாராளவாதிகள் பலரோ பழைய செவ்வியல் இலக்கணங்களின் காவலர்களாக இருந்தனர். இன்றைய வாசகருக்கு இது வியப்பளிக்கலாம்.

இந்த அணிவகுப்பைக் கலைத்ததில் தணிக்கைக்குப் பெரும் பங்குண்டு. வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, ஸ்பெயின் மன்னரின் முழு அதிகாரத்தை மீட்க 1823இல் படையெடுப்பை ஆதரித்தவர் ஷாத்தோபிரியான். 1824இல் பதவி நீக்கப்பட்டதும் அவர் அரசை எதிர்த்துப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வாதாடினார். சொந்த மனக்கசப்பும் இதில் கலந்திருந்தது எனலாம். ஆனால் அக்கொள்கை அவருக்குப் புதிதல்ல. ஹியூகோவின் நாடகமொன்று, முன்னாள் மன்னர் ஒருவரை இழிவுபடுத்துவதாகக் கூறி 1829இல் தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டே அவர், கற்பனாவாதம் என்பது இலக்கியத்தில் தாராளவாதமே என்று அறிவித்தார்.

1830 ஜூலையில் சார்லஸ் பத்திரிகைச் சுதந்திரத்தை முடக்கினார். மூன்று நாள் கிளர்ச்சி அவரது ஆட்சியை வீழ்த்தியது. எனினும், அந்த அடக்குமுறையை எதிர்த்த ஷாத்தோபிரியானே, புதிய மன்னர் லூயி பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பிரபுக்கள் அவையிலிருந்து வெளியேறினார்.