இனக்கோடும் வீட்டுக்கதவும்

1822-இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் சிங்கப்பூர் மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்த முனைந்தது. ஆற்றின் தென்கரையில் சீனர்; அதற்கும் மேலே சூலியர், அதாவது நம் சோழமண்டலக் கரையினர்; கம்போங் கிளாம் பக்கம் அராபியரும் புகிசுகளும். அக்கோடு நெடுங்காலம் அழியவில்லை.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. மறு ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அன்று கூரைதான் கேள்வி. அண்டை வீட்டார் யார் என்பதன்று. அடுக்குமாடிகள் எழுந்தன. ஆயினும் மறுவிற்பனையில் மக்கள் தத்தம் இனத்தாரையே நாடினர். மலாய்க்காரர் பிடோக்கிலும் தெம்பனிசிலும், சீனர் ஹவ்காங்கிலும் பெருகினர்.

ஆகவே 1989 மார்ச்சில் ஒவ்வொரு புளோக்குக்கும் இனவாரி உச்சவரம்பு வந்தது. இந்தியர்க்கும் பிறர்க்கும் சேர்த்து 13 விழுக்காடு, 2010-இல் 15.

நோக்கம் நன்றே. எனினும் சுமை சமமாக விழவில்லை என்பது நம் கருத்து. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் சீனர்க்கு விற்கலாம். தமிழர் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைய, விலையும் தாழ்கிறது. பத்தாண்டேனும் வீட்டை வைத்திருந்து, வரம்பினால் விற்க இயலாது தவிப்போரிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2022-இல்தான் வந்தது.