புரோட்டீன் பவுடர் குடிச்சாதான் தசை வளருமா? உண்மை என்ன?

முட்டுக்காடு பாலத்தில் காலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் முதல் ஜிம்முக்குப் போகிறவர்கள் வரை பலருக்கும் இதே சந்தேகம்தான். பதில்: பவுடர் கட்டாயமில்லை.

தசையை வளர்ப்பது எது?
பளு தூக்கும் பயிற்சிதான். புரதம் அதற்கான மூலப்பொருள். பவுடரால் கிடைக்கும் கூடுதல் பலன் கொஞ்சம்தான்.

எவ்வளவு புரதம் தேவை?
சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு தினமும் 0.83 கிராம்; 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். பளு பயிற்சி செய்தாலும், கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் கூடுதல் பலனில்லை என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. உடம்பு ஏற்றுவதற்காக பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவும் சொல்கிறது.

சாப்பாட்டிலேயே கிடைக்குமா?
ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். பருப்பு, கொண்டைக்கடலை, தயிரும் கைகொடுக்கும்.

வாங்கியே ஆகணுமா?
டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் சர்க்கரை அளவையும் பாருங்க. சிறுநீரகப் பிரச்சினை இருந்தா, டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.